கடைக் கிழங்கின் மேல் காணும் விநோதக் குறிகள்: கண்டறிந்து முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள தாப்பா கடைவீதியில் வாங்கி வந்த 2 கிலோ உருளைக்கிழங்கைக் கழுவிக்கொண்டிருந்தபோது அந்தக் குறிகள் என் கண்ணில் பட்டன. பதினொரு கிழங்குகளில் எட்டின் மேல், விரல்நகத்தை அழுத்திப் பதித்தது போன்ற பிறை வடிவக் கீறல்கள் இருந்தன. சிலவற்றில் ஒன்று, சிலவற்றில் நான்கைந்து. எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "கடையில யாரோ நகத்தால கிள்ளிக் கிள்ளிப் பார்த்திருக்காங்க தம்பி. எலி கடிச்சதாக்கூட இருக்கும். தூக்கிப் போட்டுடு" என்றார். எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சலைப் பற்றி இந்த வட்டாரத்தில் அறியாதவர் இல்லை என்பதால், அந்தச் சொல் காதில் விழுந்த பிறகு கிழங்கைச் சட்டியில் போட எனக்கும் கை வரவில்லை. ஆனாலும் காரணம் தெரியாமல் எட்டுக் கிழங்குகளைக் குப்பையில் போடவும் மனம் ஒப்பவில்லை.

அன்று மாலை நான் செய்து பார்த்த சோதனைகளையும், பல ஆண்டுகளாக எங்கள் சமையலறையில் கற்றுக்கொண்டவற்றையும் சேர்த்து, எவரும் வீட்டிலேயே பின்பற்றக்கூடிய வரிசையில் இங்கே எழுதுகிறேன். 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியில் அரிசிக்கு வழியில்லாதபோது மரவள்ளிக்கிழங்குதான் உயிரைக் காத்தது என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பாட்டிமார்களின் பேரப்பிள்ளைகள் நாம். அப்படிப்பட்ட வீடுகளில் நல்ல கிழங்கு குப்பைக்குப் போவதும், கெட்ட கிழங்கு குழம்புக்குப் போவதும் எனக்குச் சம அளவில் வருத்தம் தருகின்றன. இரண்டும் நடப்பதற்கு அடிப்படை ஒன்றே. பார்க்க அருவருப்பாக இருக்கும் குறிகளில் பெரும்பாலானவை தோலோடு நின்றுவிடுகின்றன. உண்மையிலேயே விலக்க வேண்டியவையோ பல நேரங்களில் ஊசித்துளை அளவே இருக்கின்றன, அல்லது கண்ணுக்குக் குளிர்ச்சியான வெளிர்பச்சையாகத் தோன்றுகின்றன.

தேவையான பொருட்கள் அதிகமில்லை. ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு பாத்திரம் தண்ணீர், பழைய பல்துலக்கி ஒன்று, கூர்மையான சிறு கத்தி, ஒரு பேனா. பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கைப்பேசியின் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும்.

முதல் படி: கழுவும் முன் ஊரைக் கேளுங்கள்

ஒரு குறியின் காரணத்தை ஊகிக்கும் முன், அந்தக் கிழங்கு எங்கிருந்து, எந்த வழியில் நம்மிடம் வந்தது என்பதை அறிய வேண்டும். தாப்பாவில் வசிப்போர் பலர், கேமரன் மலைப் பாதை இங்கிருந்தே ஏறுவதால், கடையில் உள்ள காய்கறி எல்லாம் மலையிலிருந்து அன்று காலை இறங்கியது என்று எண்ணிக்கொள்கிறோம். கீரைக்கும் முட்டைக்கோசுக்கும் அது பொருந்தும். உருளைக்கிழங்குச் செடி கிழங்கு வைக்கக் குளிர்ந்த இரவுகள் வேண்டும் என்பதால், மலேசியாவில் விற்பனையாகும் உருளையில் மிகப் பெரும்பகுதி சீனா, பங்களாதேஷ், பாகிஸ்தான், ஜெர்மனி போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. கேரட்டில் பெரும்பகுதி சீனாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வருவது. ஆக, நம் கைக்கு வரும் உருளை, அறுவடை இயந்திரம், குளிர்க்கிடங்கு, கொள்கலன், லாரி, மொத்த விற்பனைச் சந்தை என்று பல இடங்களில் கொட்டப்பட்டும் அள்ளப்பட்டும் வந்திருக்கிறது. சர்க்கரைவள்ளியும் மரவள்ளியும் அப்படியல்ல. அவை பெரும்பாலும் உள்ளூர் மண்ணில் விளைந்தவை. ஆகவே இறக்குமதிக் கிழங்கின் குறிகளில் பயணக் காயங்களை முதலில் தேட வேண்டும். உள்ளூர்க் கிழங்கின் குறிகளில் பூச்சியை முதலில் தேட வேண்டும்.

விளைந்த நாட்டை அறிவது கடினமன்று. தரம் பிரித்தல், பொதியிடுதல், முகப்புச்சீட்டு ஒட்டுதல் தொடர்பாக ஃபாமா என்னும் அரசு வேளாண் சந்தை வாரியம் நடைமுறைப்படுத்தும் விதிகள் 2008ஆம் ஆண்டில் வந்தன. அதன்படி மொத்தப் பெட்டியிலோ சாக்கிலோ இந்த விவரம் இருக்க வேண்டும். கடைக்காரரிடம் "அண்ணே, இந்தச் சாக்கு எந்த நாட்டுச் சரக்கு?" என்று கேட்டால், பலர் சாக்கையே திருப்பிக் காட்டிவிடுவார்கள்.

இரண்டாம் படி: பாதியை மட்டும் கழுவுங்கள்

எல்லாக் கிழங்குகளையும் ஒரே நேரத்தில் கழுவிவிடாதீர்கள். குறியுள்ள கிழங்குகளில் இரண்டை மட்டும் எடுத்துத் தண்ணீரில் நனைத்துப் பல்துலக்கியால் மெதுவாகத் தேய்த்து, கழுவாத கிழங்கின் பக்கத்தில் வெள்ளைத் தட்டில் வையுங்கள். மண்ணாக இருந்தால் போய்விடும். போகாதவற்றை அடையாளம் காண இந்த ஒப்பீடு உதவும்.

உருளையின் தோலில் காய்ந்த சேற்றுத்துளி போல ஒட்டிக்கொண்டு, எவ்வளவு தேய்த்தாலும் போகாமல், நனைந்ததும் இன்னும் கறுப்பாகத் தெரியும் புள்ளிகள், மண்ணில் வாழும் ஒரு பூஞ்சை தன் ஓய்வுக்காலத்திற்காகக் கட்டிவைத்த முடிச்சுகள். நகத்தால் சுரண்டினால் உதிர்ந்துவிடும்; அடியில் தோல் முழுமையாக இருக்கும். தோலைச் சீவிவிட்டுச் சமைக்கலாம். காய்ந்திருக்கும்போது மங்கலான சாம்பல் திட்டாகவும், நனைந்ததும் வெள்ளி பூசியது போலவும் மின்னும் பகுதி இன்னொரு பூஞ்சையின் வேலை. அதுவும் தோலின் மேலடுக்கோடு நின்றுவிடும். ஆனால் அதன் வழியே ஈரம் வெளியேறுவதால் அத்தகைய கிழங்கு விரைவில் சுருங்கும் என்பதால் அதை முதலில் சமைத்துவிடுவது நல்லது.

தக்கை போலச் சொரசொரப்பாக, தேமல் படர்ந்தது போன்று இருக்கும் திட்டுகளைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள். இது பொருக்கு நோய். அமிலத்தன்மை குறைந்த மண்ணில், கிழங்கு உருவாகும் நாட்களில் ஈரம் போதாமல் போனால், மண்ணிலுள்ள ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் நுண்ணுயிர் தோலைப் புண்ணாக்க, கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ளத் தக்கை அடுக்கைக் கட்டுகிறது. அழகு கெட்டது தவிர வேறு தீங்கில்லை. இதற்கு நேர்மாறாக, மண்ணில் ஈரம் மிகுந்துவிட்டால், கிழங்கின் மூச்சுத்துளைகள் வாய் பிளந்து வெள்ளைப் பொரி ஒட்டியது போலப் புடைத்து நிற்கும். கழுவி நெகிழிப் பையில் அடைத்து விற்கும் உருளையில் இதை அடிக்கடி காணலாம். இதுவும் தீங்கற்றதே, ஆனால் அந்தத் துளைகள் வழியே அழுகல் எளிதில் நுழையும் என்பதால், பையிலிருந்து உடனே எடுத்து உலர்த்த வேண்டும்.

மூன்றாம் படி: ஆழத்தை அளவிடுங்கள்

என் பிறை வடிவக் குறிகளுக்கு விடை கிடைத்தது இந்தப் படியில்தான். குறியில்லாத ஒரு கிழங்கை எடுத்து, என் கட்டைவிரல் நகத்தை நன்றாக அழுத்தினேன். நகம் பதிந்த இடத்தில் தோல் உள்வாங்கி, ஒரு பக்கம் ஈரமாக நசுங்கி, மறுபக்கம் சற்று மேலெழும்பி நின்றது. கடையிலிருந்து வந்த குறியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது அப்படி எந்த நசுங்கலும் இல்லை. இரு கரைகளும் ஒரே மட்டத்தில் நிற்க, நடுவில் மெல்லிய வெடிப்பு, வறண்ட குளத்தில் தரை பிளப்பது போல. கத்தி நுனியால் திறந்தபோது ஆழம் 2 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. உட்கரை பழுப்பாகக் காய்ந்து தோல் போல் ஆகியிருந்தது. எலியின் பல்லாக இருந்தால் இணையான இரு பள்ளங்கள் விழும். சதையும் பெயர்ந்து போயிருக்கும்.

கிழங்கு வணிகத்தில் இருப்பவர்கள் இதைக் கட்டைவிரல் நகக் கீறல் என்றே அழைக்கிறார்கள். பெயர் அப்படி இருந்தாலும் நகத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை. நீர் நிறைந்து விறைப்பாக இருக்கும் உருளைக்கிழங்கு, குளிர்க்கிடங்கின் ஈரக்காற்றிலிருந்து வெளியே எடுக்கப்பட்டுக் குளிர் தணியாமலே கொட்டப்படும்போது, சிறு அடிபட்டாலும் மேல்தோல் பிறைபிறையாகத் தெறித்துவிடும். ஊதிய பலூனுக்கும் காற்றிறங்கிய பலூனுக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். சூடான, ஈரமான சூழலில் கிழங்கு அந்தக் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும். பழுப்பாகக் காய்ந்த உட்கரை அதற்குச் சான்று. கரை ஈரமாகவோ, அழுத்தினால் நீர் கசிவதாகவோ இருந்தால் மட்டும் அதை விலக்க வேண்டும்.

இதே சோதனையில் துளைகளையும் பிரித்தறியலாம். பென்சில் நுனி நுழையும் அளவுக்கு வட்டமாக, சுத்தமாக, நேராக உள்ளே செல்லும் துளை மண்ணில் வாழும் கம்பிப்புழுவினுடையது. புழு பெரும்பாலும் வயலிலேயே வெளியேறியிருக்கும். துளையைச் சுற்றி வெட்டிவிட்டால் போதும். கிழங்கில் முளைவிடும் குழிகளான கண்களின் ஓரத்தில் தூள் போன்ற எச்சம் குவிந்திருந்தால், உள்ளே கிழங்கு அந்துப்பூச்சியின் புழு சுரங்கம் தோண்டிக்கொண்டிருக்கிறது. அதை மற்ற கிழங்குகளிலிருந்து அன்றே பிரித்துவிடுங்கள்.

பச்சை நிறத்திற்கு இந்தப் படியில் தனி இடம் தர வேண்டும். ஏனெனில் நம் வீடுகளில் மிகவும் அலட்சியப்படுத்தப்படும் குறி இதுவே. வெளிச்சம் பட்ட உருளையின் தோலில் பச்சையம் உருவாகிறது. அதே வெளிச்சம் சோலனைன், சாகோனைன் என்னும் கசப்பு நச்சுகளையும் பெருக்குகிறது. பேரங்காடிகளில் இரவும் பகலும் எரியும் விளக்குக்குக் கீழே சில நாள் கிடந்தாலே இது தொடங்கிவிடும். ஒரு கிலோ உருளையில் 200 மில்லிகிராமுக்கு மேல் இந்த நச்சுகள் இருக்கக்கூடாது என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட வரம்பு. வேகவைத்தாலும் பொரித்தாலும் இவை குறிப்பிடத்தக்க அளவில் அழிவதில்லை. தோலிலும் கண்களிலும் முளைகளிலும்தான் இவை செறிந்திருக்கும் என்பதால், பச்சை லேசாக இருந்தால் தடிமனாகச் சீவி, முளைகளை வேரோடு தோண்டியெடுத்துவிட்டுப் பயன்படுத்தலாம். பச்சை சதைக்குள் இறங்கியிருந்தாலோ, சமைத்தபின் நாக்கில் கசப்போ எரிச்சலோ தெரிந்தாலோ, எவ்வளவு மசாலா போட்டிருந்தாலும் அந்தக் கறியைக் கொட்டிவிடுங்கள். வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, தலைவலி ஆகியவை இதன் விளைவுகள். சிறு உடல் கொண்ட குழந்தைகளுக்கு ஆபத்து கூடுதல்.

கேரட்டின் தலைப்பகுதியில் தெரியும் பச்சைக்கு இந்த அச்சம் தேவையில்லை. மண்ணுக்கு மேலே துருத்திக்கொண்டிருந்த பகுதியில் வெயில் பட்டதால் உண்டான வெறும் பச்சையம் அது. சற்றுக் கசக்கும் என்பதால் வெட்டிவிடலாம், அவ்வளவே.

நான்காம் படி: வெட்டிப் பாருங்கள்

வெளியே குறியே இல்லாத உருளைக்குள்ளும் வியப்புகள் இருக்கும். முதலில் நீளவாக்கில் ஒன்றையும், பிறகு குறுக்குவாக்கில் ஒன்றையும் வெட்டுங்கள்.

நடுவில் நட்சத்திர வடிவில் பழுப்பு விளிம்புடன் ஒரு வெற்றிடம் இருந்தால், செடி சில நாள் வாடி, பிறகு திடீரென்று நீரும் உரமும் கிடைத்துக் கிழங்கு அவசரமாகப் பருத்திருக்கிறது என்று பொருள். பெரிய கிழங்குகளில்தான் இது மிகுதி. அந்தப் பகுதியை நீக்கிவிட்டுச் சாப்பிடலாம். நடுப்பகுதி வெற்றிடமின்றிக் கரிய மையாக இருந்தால் காரணம் வேறு, மூச்சுத்திணறல். கிழங்கு அறுவடைக்குப் பிறகும் உயிரோடு சுவாசிக்கிறது. காற்றோட்டமில்லாத கொள்கலனிலோ வெயிலில் நின்ற லாரியிலோ ஆக்சிஜன் நடுச்சதை வரை எட்டாதபோது அங்குள்ள திசுக்கள் இறந்து கறுக்கின்றன. தோலுக்குச் சற்றுக் கீழே நீலச்சாம்பல் கன்றல்கள் மட்டும் இருந்தால், அடிபட்டு ஓரிரு நாளில் நொதிகளால் உண்டான நிறமாற்றம் அது. நம் முழங்காலில் அடிபட்டுக் கன்றுவதைப் போன்றது.

குறுக்கே வெட்டியதும் தோலுக்கு உட்புறமாகப் பழுப்பு வளையம் ஒன்று தெரிந்து, அழுத்தினால் பாலாடை போன்ற திரவம் கசிந்தால், அது பாக்டீரியா வாடல் நோய். கிழங்கை முழுவதுமாக விலக்குங்கள். இதை உண்பவருக்கு அந்தக் கிருமி நோய் தராது. ஆனால் கத்தரி, தக்காளி, மிளகாய், இஞ்சி ஆகியவற்றை அது வேரோடு சாய்த்துவிடும். நம் தோட்டப்புற வீடுகளில் கொல்லையில் நான்கு கத்தரிச்செடி இல்லாதவர் அரிது. காய்கறிக் கழிவும் அந்தச் செடிகளுக்கடியில்தான் போகிறது. இந்த ஒரு கிழங்கை மட்டும் அங்கே கொட்டாமல் பையில் கட்டிக் குப்பை வண்டிக்கு அனுப்புங்கள்.

சர்க்கரைவள்ளியை வெட்டும்போது வேறொரு வகைக் கவனம் வேண்டும். கெலேடெக் என்று நாம் சந்தையில் கேட்டு வாங்கும் இந்தக் கிழங்கின் முனைகளில் தார் பூசியது போன்ற கறுப்புப் பிசின் ஒட்டியிருந்தால், அது வெட்டுவாயில் கசிந்த பால் காய்ந்து கறுத்ததுதான். பால்மரத்தின் வெட்டுக்கோட்டில் உறைந்த பால் நாளாக ஆகக் கறுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தோலில் மட்டும் படர்ந்திருக்கும் பழுப்புக் கறையும் பூஞ்சையால் வந்தது என்றாலும் தோலோடு நின்றுவிடும். விட்டாத்தோ போன்ற செம்மஞ்சள் சதை உள்ள வகைகளிலும் இதே விதிகள் பொருந்தும்.

விலக்க வேண்டிய குறி, மேலே சொன்னவற்றைவிடச் சிறியது. கூன்வண்டு இட்ட துளை அது. வண்டு எறும்பு போல மெலிந்து, சுமார் 6 மில்லிமீட்டர் நீளத்தில், தலையும் வயிறும் கருநீலமாகவும், மார்பும் கால்களும் சிவப்பாகவும் இருக்கும். தோலில் ஊசியால் குத்தியது போன்ற புள்ளிகள் மட்டுமே தெரியும். ஒரு மாலை நேரம், அம்மா தேநீருக்காக அவித்துவைத்த கிழங்குகளில் ஒன்றைப் பிட்டபோது, முதலில் வந்தது மணம்தான்: மருந்துக்கடையின் கஷாயமும் பழைய கற்பூரமும் கலந்தது போன்ற ஒரு நெடி. உள்ளே கரும்பச்சை எச்சம் நிறைந்த பாதைகள் வளைந்து வளைந்து ஓடின. "இந்தப் பக்கம் நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லி, வண்டு தொடாத மறுமுனையை நான் கடித்தேன். அங்கேயும் அதே கசப்பு. வண்டு அரித்ததும் கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ள இப்போமியாமரோன் முதலான கசப்புப் பொருட்களைச் சுரக்கிறது. அது தொடாத சதைக்கும் பரவிவிடுகிறது. இப்படிக் கெட்ட சர்க்கரைவள்ளியில் உருவாகும் பொருட்கள் கால்நடைகளின் நுரையீரலைத் தாக்குபவை என்பதால், மாட்டுக்குப் போட்டுவிடலாம் என்ற எண்ணமும் வேண்டாம். கெட்ட பகுதியை வெட்டிவிட்டு மீதியைச் சமைக்கலாம் என்ற பொதுவிதி இந்தக் கிழங்குக்குப் பொருந்தாது. முழுக் கிழங்கையும் விலக்க வேண்டும். வட்டமாக, கெட்டியாக, சற்றே குழிந்த கரும்புண் இருந்தால் அது கருப்பழுகல். அதற்கும் இதே தீர்ப்புத்தான்.

மரவள்ளியில் நாம் காணும் குறி கருநீலக் கோடுகள். வாங்கிய அன்று பால்போல வெள்ளையாக இருந்த கிழங்கை மறுநாள் உரித்தால், தோலடியிலிருந்து நடு நோக்கி மை தோய்ந்த நூல்கள் போல நரம்புகள் ஓடும். பூஞ்சையோ பூச்சியோ இதற்குக் காரணமில்லை. பறிக்கும்போது ஏற்பட்ட காயங்களுக்கு எதிராகக் கிழங்கு தன்னுள்ளேயே தொடங்கும் வேதிமாற்றம், காற்று பட்டு, 1 முதல் 3 நாட்களுக்குள் நரம்புக்குழாய்களைக் கறுக்கச் செய்கிறது. அதனால்தான் பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் கிழங்கு விற்கும் ஐயா, கேட்காமலேயே வால்முனையை ஒடித்து வெள்ளையைக் காட்டுகிறார். ஒடிக்கும்போது 'படக்' என்ற ஓசையுடன் முறிந்து, ஈரமாக, கோடுகளின்றி இருந்தால் வாங்கலாம். கோடுகள் ஓரிரண்டாக இருந்தால் அந்தப் பகுதியைச் சீவிவிட்டுச் சமைக்கலாம். சதை முழுவதும் பரவி, புளித்த வாடை வந்தால் வேண்டாம். வாங்கிய அன்றே உரித்துத் துண்டாக்கி உறைபெட்டியில் வைப்பதும், உரிக்காமல் ஈரமணலில் புதைப்பதும் இதைத் தள்ளிப்போடும் வழிகள்.

குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மரவள்ளியைப் பச்சையாக ஒரு துண்டுகூடச் சுவைத்துப் பார்க்கக் கூடாது. அதிலுள்ள லினமாரின், செல்கள் நசுங்கும்போது ஹைட்ரஜன் சயனைடாக மாறக்கூடியது. உணவுக்குரிய இனிப்பு மரவள்ளி வகைகளில் இந்தச் சயனைடு ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது பன்னாட்டுத் தரநிலை. மேல்பட்டையோடு அதன் கீழுள்ள தடித்த உட்தோலையும் சேர்த்து உரித்து, சிறு துண்டுகளாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவது நம் பாட்டிகள் கடைப்பிடித்த முறை. அதற்கு உறுதியான காரணம் இருக்கிறது.

கேரட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். குறுக்கே ஓடும் மெல்லிய கோடுகள் பக்கவேர்கள் இருந்த தழும்புகள். மேலே வெண்பூச்சாகத் தெரிவது, பளபளப்புக்காக இயந்திரத்தில் தேய்க்கப்பட்ட தோல் உலர்ந்ததால் வருவது, நனைத்தால் மறையும். இரண்டு கால் முளைத்த கேரட், கல்லிலோ கெட்டி மண்ணிலோ நுனி முட்டியதாலோ நூற்புழு தாக்கியதாலோ உருவானது. ஆனால் நெகிழிப் பையில் வியர்த்துக் கிடக்கும் கேரட்டின் மேல் கரித்தூள் போன்ற கறுப்புத் திட்டுகள் தோன்றினால், அது கழுவும்போது தோல் தேய்ந்த இடங்களில் பரவும் பூஞ்சை. ஆரம்பத்தில் தடிமனாகச் சீவினால் போய்விடும். வழவழப்பு வந்துவிட்டால் விலக்குங்கள். பார்வைக்கு எந்தக் குறியும் இல்லாமல் கேரட் கசந்தால், அதை ஆப்பிளோடு வைத்தீர்களா என்று யோசியுங்கள். பழம் வெளியிடும் எத்திலின் வாயு கேரட்டில் கசப்பை உண்டாக்கும்.

ஐந்தாம் படி: பேனாவால் வட்டமிட்டுக் காத்திருங்கள்

இத்தனைக்குப் பிறகும் புரியாத குறி ஒன்றிரண்டு மிஞ்சும். அப்படிப்பட்ட கிழங்கை நன்றாகத் துடைத்து உலர்த்தி, குறியின் விளிம்பை ஒட்டிப் பேனாவால் கோடு வரைந்து, தேதியை எழுதி, செய்தித்தாள் மேல் வெளிச்சம் படாத இடத்தில் 3 நாள் வையுங்கள். வடுவாக இருந்தால் கோட்டைத் தாண்டாது. உயிருள்ள அழுகலாக இருந்தால், நம் ஊர் வெக்கையில் 3 நாள் என்பது அதற்குத் தாராளமான காலம். கோட்டைத் தாண்டிவிடும், அல்லது மென்மையாகி நாற்றம் எடுக்கும். எந்தப் புத்தகமும் இல்லாமல் எவரும் செய்யக்கூடிய சோதனை இது என்பதால், நான் மற்ற எல்லாவற்றையும்விட இதையே அதிகம் நம்புகிறேன். மரவள்ளிக்கு மட்டும் இது பயன்படாது. 3 நாளில் நல்ல மரவள்ளியும் கோடு விட்டுவிடும்.

ஆறாம் படி: சமைத்த பிறகு வரும் நிறங்கள்

அவித்த உருளை ஆறியதும் ஒரு முனையில் சாம்பலாக மாறினால், கிழங்கிலுள்ள இரும்பும் குளோரோஜெனிக் அமிலமும் சேர்ந்த நிறம் அது. அவிக்கும் தண்ணீரில் சிறிது எலுமிச்சைச் சாறோ புளியோ சேர்த்தால் குறையும். சர்க்கரைவள்ளி மாவில் சமையல் சோடா அதிகமானால் பலகாரம் பச்சையாகிவிடுவதும் அதே அமிலத்தால்தான், கெட்டுப்போனதால் இல்லை. சேப்பங்கிழங்கின் ஊதா நூல்களும், சில இஞ்சிகளை வெட்டினால் தெரியும் நீல வளையமும் அந்தந்த வகைக்கே உரிய இயற்கை நிறங்கள். நீல இஞ்சியைப் பூசணம் பிடித்தது என்று நானே ஒருமுறை வீசியிருக்கிறேன். பூசணமாக இருந்தால் இஞ்சி அழுத்தும்போது மென்மையாகி, முடை நாற்றம் அடிக்கும். இயற்கை வளையம் கெட்டியாகவும் வாசனையோடும் இருக்கும்.

ஏழாம் படி: வைக்கும் இடமும் கடைக்காரரிடம் பேசுவதும்

பல குறிகள் கடையில் இல்லாமல் நம் வீட்டில் உருவாகின்றன. நெகிழிப் பையை அன்றே நீக்கிவிடுங்கள். உருளையை இருட்டான, காற்றோட்டமுள்ள கூடையில் வைத்து, ஒரு வாரத்திற்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். குளிர்பெட்டியில் வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, பொரிக்கும்போது கருகிய நிறம் வரும். சர்க்கரைவள்ளியைக் குளிர்பெட்டியில் வைக்கவே கூடாது. ஏறத்தாழ 13 டிகிரிக்குக் கீழே அது குளிர்க்காயம் பட்டு, எவ்வளவு அவித்தாலும் நடுவில் வேகாத கட்டியாக நிற்கும். கேரட்டை மட்டும் துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைக்கலாம், பழங்களிலிருந்து தள்ளி.

வண்டு விழுந்த கிழங்கையோ உள்ளே கறுத்த உருளையையோ கடைக்குத் திருப்பிக் கொண்டுபோவதில் கூச்சம் வேண்டாம். வெட்டிய பாதியையும் வெட்டாத ஒன்றையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். "அண்ணே, பணத்துக்காக வரல. இந்தச் சாக்கு முழுக்க இப்படி இருக்கலாம், பார்த்துக்கங்க" என்று நான் சொன்னபோது, அந்தக் கடைக்காரர் சாக்கைப் பிரித்து என் முன்னாலேயே நான்கு கிழங்குகளை வெட்டிப் பார்த்தார். மூன்று கறுத்திருந்தன. லாரிக்காரரிடம் சொல்ல அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

பிறைக் குறி விழுந்த எட்டுக் கிழங்குகளையும் பேனாவால் வட்டமிட்டுச் சமையல்மேடையின் கீழ் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் மாலை எடுத்தபோது ஏழில் கோடு அப்படியே இருந்தது. ஒன்றில் மட்டும் வெடிப்பின் ஓரம் ஈரமாகி, கத்தி வைத்தவுடன் உள்ளே இறங்கியது. அதைக் கட்டிக் குப்பையில் போட்டேன். மீதி ஏழையும் தோல் சீவி, கருவேப்பிலையும் மிளகாய்த்தூளும் போட்டுப் பிரட்டி, ஒரு கிண்ணத்தில் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தேன். குறி இருந்த இடம் எது என்று அவர் துண்டு துண்டாகப் புரட்டித் தேடினார். தோலோடு போய்விட்டிருந்தது.